நம்பர்காரர் அடித்த கோடு

என் தாய்மாமா நகராட்சியில் முப்பத்தாறு வருடம் வீடுகளுக்கு நம்பர் போட்டார். இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது என்று அர்த்தம். ஒரு கையில் சிவப்புப் பெயின்ட் டப்பா, காதில் பென்சில், கக்கத்தில் நீளமான பதிவேடு. புதிதாக ஒரு கதவு முளைத்தால் அதன் பக்கத்துச் சுவரில் எண்ணை எழுதி, பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஒரு வீடு இடிந்துபோனால் சுவரில் இருப்பதைச் சுரண்டிவிட்டு, பதிவேட்டில் அந்த வரியின் மேல் கோடு அடிக்க வேண்டும். முன்னது தினமும் நடக்கும். பின்னது எப்போதாவதுதான். தெருவில் அவருக்குப் பெயர் நம்பர் சார். ஆபீசில் நம்பர்காரர். என் அம்மாவுக்கு மட்டும் தம்பி.

அந்தத் தம்பி தன் அக்காவை ஓடைக்குள் இருந்த வீட்டிலிருந்து கிளப்புவதற்காக, முப்பத்தாறு வருட வேலையில் ஒரே ஒரு பொய் எழுதினார். பொய் எழுதத் தெரியாத மனிதர் எழுதிய பொய். அதைப் பற்றி ஊரும் உறவும் வாய் வலிக்கப் பேசிவிட்டார்கள். நான் இதுவரை பேசவில்லை.

எங்கள் ஊருக்கு நீளம்தான் உண்டு, அகலம் கிடையாது. கிழக்கே செங்குத்தாக மலை. மேற்கே கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும் உப்புச் சதுப்பு. இரண்டுக்கும் நடுவே மிச்சமிருக்கிற நிலத்தில்தான் இத்தனை பேரும் கிடக்கிறோம். வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு அறுபது கிலோமீட்டர். குறுக்கே நடந்தால் சில இடங்களில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஒரே ஒரு பெரிய சாலை, அதை ஒட்டி ஒரே ஒரு ரயில் பாதை. பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ சுடுகாடோ, எதற்கென்றாலும் ஒன்று வடக்கே போக வேண்டும், இல்லை தெற்கே போக வேண்டும்.

மாமா வேலைக்குச் சேர்ந்தபோது இது ஓர் ஊரே இல்லை. ஐந்து சின்ன ஊர்கள் மலையடியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தன. நடுவே வெறும் கல்லும் முள்ளுமாக இடைவெளிகள். அந்த ஐந்தையும் கட்டியவர்கள் ஒன்றும் விவரம் கெட்டவர்கள் இல்லை. மலையிலிருந்து ஓடைகள் இறங்கும் வாய்களை விட்டுவிட்டுக் கெட்டியான தரையாகப் பார்த்துத்தான் கட்டினார்கள். ஓடை என்றால் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் என்று நினைக்க வேண்டாம். முப்பது வருடம், நாற்பது வருடம் காய்ந்து கிடக்கும். பிறகு ஒருநாள் மலையில் கொட்டுகிற மழைக்கு, சேறும் பாறையும் மரமுமாக மலையே கொஞ்சம் கழன்று அந்த வாய் வழியாக வெளியே வரும். வந்தது அடிவாரத்தில் பரவிப் படுத்துவிடும். அப்படிப் படுத்த நிலம் சமமாக, லேசான சரிவோடு, காற்றோட்டமாக இருக்கும். கெடுதல் என்னவென்றால், அதைப் பார்த்தால் யாருக்கும் வீடு கட்டத்தான் தோன்றும்.

வடக்கு முனையில் தொழிற்சாலைகள் வந்தன. தெற்கு முனையில் வந்தன. மலைக்குப் பின்னாலிருந்தும் சதுப்புக்கு அப்பாலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். சதுப்பில் கட்ட முடியாது. ஊருக்குள் இடமில்லை. இடைவெளிகள் நிரம்பின. ஐந்து ஊர் ஒன்றானது. "ஜனம் எத்தனைன்னு எனக்குத் தெரியாது பாப்பா, கதவு எத்தனைன்னு கேளு, சொல்றேன்" என்பார் மாமா. அவர் சேர்ந்தபோது நாற்பதாயிரம் கதவு. ஓய்வு பெற்றபோது மூன்றரை லட்சம்.

ஆபீசில் நம்பருக்கு ஒரே விதிதான். உள்ளே ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிட்டால் அது ஒரு கதவு. அதற்கு எண் உண்டு. நிலம் யாருடையது, அங்கே இருக்கலாமா கூடாதா என்பதெல்லாம் நம்பர்காரர் கேட்கிற கேள்வி இல்லை. அவர் எண்ணுகிறவர், அவ்வளவுதான். ஆகவே வறண்ட ஓடைக்குள் முதல் தகரக் கொட்டகை வந்தபோது மாமா போய் எழுதினார். எழுதிய கையோடு மின்சார ஆபீஸ்காரர்கள் நம்பரைப் பார்த்துக் கம்பம் நட்டார்கள். கம்பத்தைப் பார்த்துக் குழாய் வந்தது. குழாயைப் பார்த்து ஓட்டுரிமை வந்தது. அப்புறம் யாரிடம் போய்க் கேட்டாலும் பக்கத்து ஆபீசைக் கைகாட்டினார்கள். ஓடைக்கு 'மேல் விரிவாக்கம்' என்று ஒரு பெயர் வைத்துப் பலகையும் நட்டாயிற்று. நாலு வருடத்தில் நானூறு கதவு. இவ்வளவு பேர் வருவார்கள் என்று மாமா நினைக்கவில்லை. இடையில் எண் விடாமல் எழுதிவிட்டார். அதனால் பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே பன்னிரண்டு பை ஒன்று, பை இரண்டு, பை இரண்டு ஏ என்று வால்கள் முளைத்துக்கொண்டே போயின.

ஓடை என்ன செய்யும் என்பது மாமாவுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாவது வருடம் வேறோர் ஓடை வந்து பத்தொன்பது கதவுகளைக் கொண்டுபோனது. அந்தப் பத்தொன்பது வரிகளுக்கும் கோடு அடிக்க அவரைத்தான் அனுப்பினார்கள். பஸ் அளவுக்குப் பாறைகள் கிடந்தனவாம். சுரண்டுவதற்குச் சுவரே இல்லையாம். திரும்பி வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அதே அம்மாதான் மேல் விரிவாக்கத்தில் வீடு வாங்கினாள். அப்பா போன பிறகு தையல் மெஷினை மிதித்து மிதித்து என்னையும் அண்ணனையும் ஆளாக்கியவள். பள்ளிக்கூடச் சீருடைதான் அவளுக்குப் பிழைப்பு. பதினோரு வாடகை வீடு மாறியிருக்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் மெஷின் சத்தம் என்று குறை சொல்லிக் கிளப்பினார்கள். யாரும் போ என்று சொல்ல முடியாத ஒரு கதவு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எனக்குக் கல்யாணமாகி, அண்ணன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பிறகு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வாங்கிவிட்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். நானும் கூட இருந்தேன்.

இரண்டு அறை. ஒரு ஜன்னல் மலையைப் பார்த்து. கதவுக்குப் பக்கத்தில் சிவப்பில் 14/3. மாமா மூன்றின் கீழ்வளைவை இழுத்து நீளமாக வால் விட்டு எழுதுவார். அந்த வாலைப் பார்த்ததுமே அவர் முகம் செத்துப்போனது.

"அக்கா, இங்கயா வாங்கினே?"

"ஏன், என்ன குறைச்சல்? நீ எழுதின நம்பர்டா இது. வேற எவனாவது எழுதியிருந்தா நாலு பேர்கிட்ட விசாரிச்சிருப்பேன்."

"அது எண்ணிக்கைக்கு எழுதறது அக்கா. இருக்கலாம்னு எழுதறது இல்ல."

"இருக்கக்கூடாத இடத்துக்கு எதுக்குடா நம்பர்?"

அம்மா மட்டும் இல்லை, விரிவாக்கத்தில் பாதிப் பேர் பத்திரத்தைவிட அந்தச் சிவப்பு எண்ணைத்தான் நம்பி வந்திருந்தார்கள். நம்பர் சாரே எழுதிவிட்டார், இனி யார் என்ன செய்ய முடியும் என்பார்கள். அவர் தெருவில் போனால் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். அவர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அன்று தொடங்கி ஏழு வருடம் மாமாவின் வாழ்க்கையில் ஒரே வேலைதான். அக்காவை இறக்க வேண்டும். கெஞ்சிப் பார்த்தார். சண்டை போட்டார். மழைக் காலம் வந்தால் வாரம் மூன்று முறை போய் வாசலில் நின்று மலை உச்சியை அண்ணாந்து பார்ப்பார். "என்ன, மலை அங்கயேதான் இருக்கா?" என்று அம்மா உள்ளே இருந்து கேட்பாள். பிடிவாதத்துக்குப் பெயர் போனவள், கிண்டலுக்கும் குறைவில்லை. ஊரின் தெற்கே இருக்கும் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற என்னிடம் மாமா போனில் புலம்புவார். மேலதிகாரிக்கு நாலு மனு எழுதினார். நாலாவது மனுவை வாங்கிய அதிகாரி, "நம்பர் போட்டது யாரு? நீங்கதானே?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

கடைசியில் எனக்கே பொறுக்கவில்லை. "எதையாவது பண்ணி இறக்குங்க மாமா. என்ன பண்ணுவீங்களோ, எனக்குத் தெரியாது" என்றேன். அவர் ஓய்வு பெறுவதற்குப் பத்து நாள் இருந்தது.

அந்தப் பத்து நாளுக்குள், பதிவேட்டில் பதினாலு பை மூன்று என்ற வரியின் மேல் மாமா கோடு அடித்தார். ஓரத்தில் 'இடிக்கப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டார். சுவரைத் தொடவில்லை. நாற்பது நாளில் அம்மாவின் வீட்டுக்கு மின்சாரம் நின்றது. அடுத்த வாரம் குழாய். அம்மா ஆபீசுக்குப் படையெடுத்தாள். அங்கே நடந்ததை அவளே எனக்கு நடித்துக் காட்டினாள்.

"உங்க வீட்ட இடிச்சாச்சுன்னு இருக்கும்மா."

"யாரு இடிச்சா? நான் இப்ப அங்கேர்ந்துதான வர்றேன்?"

"பதிவேட்டுல இல்லையே."

"அதுல இல்லன்னா, நேத்து நான் தூங்கினது எங்க?"

"அது எங்களுக்குத் தெரியாதும்மா."

சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஏதோ குமாஸ்தாவின் தப்பு, தம்பி ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தாள். மாமா என் வீட்டுக்கு வந்து, நாற்காலியில்கூட உட்காராமல் நின்றபடியே சொன்னார். "தப்பு இல்லக்கா. நான்தான் அடிச்சேன்."

"நான் இருக்கற வீட்ட இல்லன்னு எழுதிட்டியாடா?" என்றாள் அம்மா. அதற்கு மேல் அவரிடம் அவள் பேசவே இல்லை. அன்றைக்கு என்றில்லை, அப்புறமும் பேசவே இல்லை. விளக்கும் தண்ணீரும் இல்லாத வீட்டில் இருக்க முடியாமல் என்னிடம் வந்து சேர்ந்தாள். மாமாவுக்கு அது போதுமாக இருந்தது. "பேசாட்டி என்ன பாப்பா, உயிரோட இருக்கால்ல" என்று சொல்லி, பல வருடங்களுக்குப் பிறகு என் வீட்டுச் சமையலை ருசித்துச் சாப்பிட்டார்.

அம்மாவின் மெஷின் மட்டும் அங்கேயே இருந்தது. பழைய இரும்பு மேஜை மெஷின். என் வீட்டு மூன்றாவது மாடிக்கு ஏற்ற ஆள் பிடிக்க வேண்டும். அதற்கு மின்சாரம் தேவையில்லை, பகல் வெளிச்சம் போதும். நான் காலை ஆறரைக்குக் கிளம்பினால் மாலைதான் திரும்புவேன். என் வீட்டுக்காரருக்குத் தெற்கு முனைத் தொழிற்சாலையில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். இரண்டு மூன்று முறை அம்மாவின் உடுப்பில் புது நீல நூல் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். கேட்டால் சண்டை வரும். பகலில்தானே, போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். மாமாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் கதவில் பூட்டுப் போட்டுவிட்டு வந்திருப்பார்.

ஓடை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரைக்கு. அடிவாரத்தில் தூறல்கூட இல்லை. மழையெல்லாம் மேலே பெய்திருந்தது. ஐந்து நிமிடம்தான் என்றார்கள். மேல் விரிவாக்கத்தை மூடி, பெரிய சாலையை மூடி, ரயில் பாதையைத் தூக்கி எறிந்துவிட்டுச் சதுப்பில் போய் நின்றது. எங்கள் ஊர் ஒரே வெட்டில் இரண்டானது. என் வீடும் விரிவாக்கத்துக்கு ஏறும் வழியும் வடக்கே. நான் தெற்கே, ஆஸ்பத்திரியில். சுற்றிப் போக வேறு வழி கிடையாது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் சதுப்பு. அம்மாவின் போனுக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. அவள் போனை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோகிற ஆள். பத்துத் தடவை கூப்பிட்டால் ஒரு தடவை எடுப்பாள். அடிபட்டவர்கள் வரத் தொடங்கியதும் அந்த நினைப்பையும் விட்டேன்.

மீட்புப் படைக்காரர்களுக்கு அங்கே தெருவும் தெரியவில்லை, வீடும் தெரியவில்லை. சமமாகப் பரப்பிய சேறு, மேலே பாறை. எந்த இடத்தில் எந்த வீடு இருந்தது என்று சொல்லக்கூடிய ஒரே மனிதரை வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்தார்கள். மாமா பதிவேட்டைக் கையில் வாங்கி, சாய்ந்து நின்ற ஒரு மின்கம்பத்திலிருந்து காலடி எண்ணி நடந்து, இங்கே பதினொன்று, நாலு பேர், இங்கே பன்னிரண்டு, ஆறு பேர் என்று காட்டிக்கொண்டே போனார். அவர் காட்டிய இடத்தில் தோண்டினார்கள். முதல் நாளே பதினேழு பேரை உயிரோடு எடுத்தார்கள். அதைச் செய்தது மாமாதான். அதை இன்று ஊரில் யாரும் சொல்வதில்லை.

மாலை நாலு மணிக்கு எனக்குப் போன் வந்தது. கவுண்டருக்கு முன்னால் நூறு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் கையில் குழந்தை.

"பாப்பா, பதினாலு பை ரெண்டுல நிக்கறேன். அக்கா வீட்டுலதான இருக்கா?"

"ஆமா மாமா. வீட்டுலதான் இருக்காங்க. எங்க போவாங்க?"

"நீ பாத்தியா?"

"பாத்தேன் மாமா. வைக்கறேன், கூட்டமா இருக்கு."

காலையில் நான் கிளம்பும்போது அம்மா குளியலறையில் இருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் பார்த்தது அவ்வளவுதான்.

மாமா என்ன சொன்னார் என்று பிறகு ஒரு மீட்புப் படைக்காரர் சொன்னார். "பை மூணு காலி. அடுத்தது பை நாலு, அஞ்சு பேர்" என்று சொல்லிவிட்டு நடந்தாராம். பதிவேட்டிலும் அப்படித்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் சேற்றின் மேல் பலகை போட்டு ஆட்கள் நடக்க வழி செய்தார்கள். நான் என் வீட்டுக்குப் போனேன். கதவில் பூட்டு. கீழ் வீட்டு அம்மா வெளியே வந்து, "அம்மா அன்னிக்குக் காலையிலயே பையத் தூக்கிட்டுப் போனாங்களே, உங்ககிட்ட வந்துட்டாங்கன்னு நெனச்சோம்" என்றாள். அங்கிருந்து விரிவாக்கம் வரை எப்படிப் போனேன் என்று எனக்கு நினைவில்லை. மாமா அப்போது இருபதாம் நம்பருக்கு வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பதிவேட்டைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி ஓடினார். அறுபது வயது மனிதர், அந்தச் சேற்றில்.

அம்மா மெஷின் மேஜைக்கு அடியில் இருந்தாள். இரும்பு மேஜை கூரையைத் தாங்கியிருந்தது. சேறு இடுப்பு வரைதான் வந்திருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எப்படியும் இரண்டாம் நாள் காலை வரை உயிர் இருந்திருக்கும் என்றார். மாமாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "அவர் முன்னாடியே வந்து கேட்டுட்டுப் போயிட்டாரேம்மா" என்றார் டாக்டர்.

அண்ணன் விமானம் பிடித்து வந்தான். வந்தவன் அழவில்லை, கோபத்தில் கொதித்தான். என் வீட்டுக் கூடத்தில் உறவுக்காரர்கள் எல்லோர் முன்னாலும் மாமாவை நிற்கவைத்துக் கேட்டான். "பொய்யா ஒரு கோடு அடிச்சீங்க. சரி, அவங்க நல்லதுக்குன்னே வச்சுக்குவோம். அந்த இடத்துல போய் நின்னீங்களே மாமா, அம்மா எங்கன்னு ஒரு போன் போட்டுக் கேக்க மாட்டீங்களா? ஒரே ஒரு போன்?"

"தோணலப்பா" என்றார் மாமா.

நான் அதே கூடத்தில், அவருக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் அண்ணனும் திரும்புவான் என்று அவருக்குத் தெரியும். இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வாய் வரவில்லை. யாரோ அழத் தொடங்கினார்கள், பேச்சு வேறு பக்கம் போனது.

அதற்குப் பிறகு ஆறு வருடம் மாமா இருந்தார். பெரிய சாலையைப் பழையபடி போட்டார்கள். ஓடைக்குள் மறுபடியும் கொட்டகைகள் வந்தன. வேறொருவர் நம்பர் எழுதினார், இந்த முறை நீலப் பெயின்ட். இப்போது அறுநூறு கதவு என்கிறார்கள். மாமா அந்தப் பக்கம் போவதில்லை. உறவில் யாரும் அவரை எந்த நல்லது கெட்டதுக்கும் கூப்பிடவில்லை. நான் மட்டும் வாரம் ஒருமுறை சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். அந்த போனைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாள்கூடப் பேசவில்லை. ஒருமுறை மட்டும், நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "நீ சின்னப் பொண்ணு, உனக்கு இன்னும் எவ்வளவோ இருக்கு" என்றார். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

போன மாதம் மாமா போய்ச் சேர்ந்தார். அண்ணனுக்குப் போன் செய்தேன். "அம்மாவை ஒரு வார்த்தை விசாரிக்காத ஆளுக்கு நான் எதுக்கு வரணும்?" என்று சொல்லி வைத்துவிட்டான். அவரைத் தூக்க ஆள் போதாமல் கூலிக்குப் பிடித்தோம்.

அண்ணா, அவர் விசாரித்தார். நாலு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, இரண்டு தடவை கேட்டார். வீட்டில்தான் இருக்கிறாள், பார்த்தேன் என்று நான்தான் சொன்னேன்.